பிழிந்து எடுத்த பென்சில்

ஹெச்பி என்று அச்சடித்த இரண்டு பென்சில்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வழக்கமான மரப்பென்சில். மற்றது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து செய்த கூட்டுப்பொருள் பென்சில். ஒரே தாளில், ஒரே அழுத்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் கோடு போட்டால் இரண்டாவது கோடு சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிறித் தெரியும். பெயர் ஹெச்பி, எழுத்து அதைவிடக் கடினமான, வெளிறிய ஹெச் ரகம் மாதிரி.

வித்தியாசம் பென்சில் பிறந்த விதத்தில் இருக்கிறது. மரப்பென்சிலின் லெட், அதாவது உள்ளே இருக்கும் எழுதும் குச்சி, கிராஃபைட் என்ற கரிப்பொருளும் களிமண்ணும் குழைத்துச் சூளையில் சுட்டது. பிரான்சில் நிக்கோலா ஜாக் கோன்டே 1795இல் காப்புரிமை பெற்ற அதே வழிதான் இன்றும். சுட்ட லெட்டை, பள்ளம் வெட்டிய இரண்டு மரப் பலகைகளுக்கு நடுவே வைத்து ஒட்டுவார்கள்.

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஸ்டெட்லர் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த வோபெக்ஸ் என்ற கூட்டுப்பொருள் பென்சிலில் ஒட்டும் வேலையே கிடையாது. அதன் உடல் பொருளில் 70 சதவீதம் மரம், மீதியில் பெரும்பங்கு பிளாஸ்டிக். உடல், லெட், மேல்பூச்சு மூன்றையும் சூடாக்கி இளக்கி, முறுக்குப் பிழிவதுபோல ஒரே அச்சு வழியாக ஒன்றாகவே தள்ளுகிறார்கள். நீளக் கம்பியாக வருவதை வெட்டினால் பென்சில்.

இப்படிச் செய்யும்போது லெட்டைச் சூளையில் சுட முடியாது. 1000 டிகிரி சூட்டில் பிளாஸ்டிக் எரிந்தே போய்விடும். ஆகவே கிராஃபைட்டைப் பிடித்துவைக்கும் வேலை களிமண்ணிடமிருந்து பிளாஸ்டிக்குக்குப் போகிறது. அதன் பிடி கெட்டி. தாளில் உரசும்போது கிராஃபைட் செதில்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். கோடு வெளிறுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் முனை சீக்கிரம் மழுங்காது, எழுதியதன்மேல் கை பட்டாலும் கரி அவ்வளவாக அப்பாது. கறுப்பாக வேண்டுமென்று அழுத்தினால் பளபளப்புதான் கூடும். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுக்க நல்ல பென்சில் இது. நிழல் தீட்டிப் படம் வரைய நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

கீழே விழுந்தால்? மரப்பென்சிலின் சுட்ட லெட், பானை ஓடு மாதிரி உள்ளுக்குள்ளேயே ஒடியும். அப்புறம் சீவச் சீவ முனை கழன்று விழுகிற கொடுமை நமக்குத் தெரியும். பிளாஸ்டிக் கலந்த லெட் சற்று வளைந்து கொடுக்கும். உடலோடு உருகி ஒட்டியும் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

சரி, சீவுவது? அங்கேதான் இது முரண்டு பிடிக்கும். தேவதாரு போன்ற மரத்தில் நுண்ணிய வெற்றறைகள் நிறைய. நார்கள் ஒரே திசையில் ஓடுவதால் பிளேடு பட்டதும் பிளந்து வழிவிடும். கூட்டுப்பொருளில் வெற்றிடமும் குறைவு, பிளக்க வரிசையான நாரும் இல்லை. கையில் எடுத்தால் கனமாகத் தோன்றுவதும் அதனால்தான். பிளேடு ஒவ்வொரு இழையையும் அறுத்தே தீரவேண்டும். பாக்ஸில் வருஷக்கணக்காகக் கிடக்கும் மழுங்கிய ஷார்ப்னரில் விட்டால் மணிக்கட்டுதான் வலிக்கும். இந்தப் பென்சில் வாங்கும்போதே கூடவே ஒரு புது ஷார்ப்னரும் வாங்கிவிடுங்கள்.