கார்பன் வில்: பின்னல் கோலத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன வாரம் ஓர் அம்மா, மகனைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அவனுடைய வயலின் வில்லில் முடி பாதி கொட்டியிருந்தது. “அசல் கார்பன் சார், ஆன்லைனில் வாங்கினோம். முடி மட்டும் மாற்றிக் கொடுங்கள்” என்றார். கறுப்புத் தண்டின் மேல் பாய் முடைந்ததுபோல் அழகான பின்னல் கோலம். வில்லின் அடியில், கை பிடிக்கும் இடத்தில் முடியை இறுக்கும் கட்டையான ஃப்ராக்கைக் கழற்றிப் பார்த்தேன். முடியைச் செருகி மர ஆப்பு வைக்கும் குழியே இல்லை. மொத்தமாகப் பசையால் ஒட்டியிருந்தார்கள். திருகு நுழையும் துளையின் விளிம்பில் பூச்சு உரிந்து, உள்ளே வெளுப்பாகக் கண்ணாடி இழை தெரிந்தது. கோலம் வெறும் மேல்பூச்சு.

கார்பன் இழையால் செய்த வில்லுக்கு நான் எதிரியில்லை. நல்ல வில்லுக்குக் காலங்காலமாகப் பயன்பட்டுவரும் பெர்னாம்புகோ பிரேசில் நாட்டு மரம். அது அருகிவருவதால் 2007-இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. மாணவர்களுக்குக் கிடைக்கும் மலிவு மர வில்லோ, சென்னைப் புழுக்கத்தில் இரண்டு கோடைக்குள் கோணிக்கொள்கிறது. கார்பன் கோணாது. ஆனால் அதில் கட்டியிருப்பதும் குதிரை முடிதான். ஈரத்தில் அது நீளும், ஏ.சி. அரங்கில் சுருங்கும். வாசித்து முடித்ததும் திருகைத் தளர்த்தும் வேலை இதிலும் உண்டு.

பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. மரத் தண்டு கோணினால் அனலில் காட்டி வளைவைத் திருத்திவிடலாம். கார்பன் தண்டில் அது நடக்காது. கடையில் எப்படி இருந்ததோ கடைசிவரை அப்படியேதான். அதனால் சோதனை முழுவதையும் வாங்கும்போதே செய்ய வேண்டும், அதுவும் உங்கள் சொந்த வயலினில்.

முதலில் ஒரு கண்ணை மூடி, ஃப்ராக் பக்கத்திலிருந்து நுனி நோக்கித் தண்டைப் பாருங்கள். பிறகு நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு முடியை இறுக்கி, மறுபடியும் பாருங்கள். இப்போது பக்கவாட்டில் சாய்ந்தால் வேண்டாம். எடை சுமார் 60 கிராம் இருந்தால் சரி. அதைவிட முக்கியம் அது எங்கே நிற்கிறது என்பது. விரல் மேல் வைத்தால் அடியிலிருந்து சுமார் 24, 25 செ.மீ. தூரத்தில் சமநிலை கொள்ள வேண்டும். நுனி கனத்தால் அரை மணி நேர ஆலாபனையில் மணிக்கட்டு கடுக்கும்.

வில் எவ்வளவு துள்ளுகிறது என்று விற்பனையாளர் காட்டுவார். மேற்கத்திய வாசிப்புக்கு அது தேவை. கர்நாடக சங்கீதம் வாசிக்கும் நமக்கு அவ்வளவாக இல்லை. ஆண் பாடகருக்குப் பக்கவாத்தியமாக தந்திகளை ஒரு கட்டை சுருதிக்கு இறக்கிக் கட்டினால், மிகத் தாழ்ந்து ஒலிக்கும் மந்தரத் தந்தி தொளதொளவென்று கிடக்கும். மிக விறைப்பான வில் அதில் அழுத்தினால் கரகரக்கும், அழுத்தாவிட்டால் வழுக்கும். ஆகவே நீங்கள் வாசிக்கும் சுருதியிலேயே மந்தர ஷட்ஜத்தை, அதாவது கீழ் ஸ்தாயி ‘ஸ’வை, அடி முதல் நுனி வரை, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக இழுங்கள். நடுவில் ஒலி நடுங்குகிறதா, நுனியில் மெலிந்து காணாமல் போகிறதா என்று கேளுங்கள். அடுத்து தோடி ராகத்தில் ஒரு நீண்ட பிடியை, அதாவது ராகத்தைக் காட்டும் ஒரு ஸ்வரத் தொடரை, ஒரே வில் இழுப்பில் வாசியுங்கள். இடக்கை காந்தாரத்தை (‘க’ ஸ்வரத்தை) அசைக்கும்போது வலக்கை அமைதியாக இருக்க வில் விட வேண்டும்.

சரளி வரிசை வாசிக்கும் குழந்தைக்குக் கார்பன் தேவையில்லை என்பது என் கட்சி. முடி மாற்றக்கூடிய சாதாரணக் கண்ணாடி இழை வில்லே போதும். வர்ணத்துக்கு வரட்டும், பார்க்கலாம். இன்னொன்று, கார்பன் உடையாது என்று நம்பிக் கையை வீசாதீர்கள். நுனி தரையில் மோதி உடைந்த தலையை ஒட்டித் தரச் சொல்லி வருகிறார்கள். பெரும்பாலும் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்தப் பையனிடம் மூன்று வில்லைக் கொடுத்து, விலை சொல்லாமல் வாசிக்கச் சொன்னேன். இரண்டாவதில் மந்தர ஷட்ஜத்தைப் பிடித்தவன் நெடுநேரம் விடவில்லை. பின்னல் கோலம் ஏதும் இல்லாத வெறும் கறுப்பு வில் அது. அம்மாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.