கண்டன்சேஷன்: சுருங்குவதா, ஒடுங்குவதா?

சோற்றுப் பானை மூடியைத் தூக்கினால் உட்புறம் முத்து முத்தாக நீர் நிற்கும். கண்டன்சேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது அதுதான். அந்தச் சொல், 'அடர்ந்தது' என்று பொருள்படும் 'டென்சஸ்' என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது. தமிழகப் பாடநூல்கள் 'ஆவி சுருங்குதல்' என்கின்றன, இலங்கையில் 'ஒடுங்கல்'.

பானை மூடிக்கு இரண்டுமே சரி. சிக்கல் போஸ்–ஐன்ஸ்டைன் கண்டன்சேஷனில் வருகிறது. 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் அனுப்பிய கட்டுரையை வளர்த்தெடுத்த ஐன்ஸ்டைன், போதிய அளவு குளிர்ந்த வாயுவில் துகள்கள் மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் போய்க் குவியும் என்று கண்டார். நீராவி துளியாவது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால். இங்கே அந்த இழுப்பே தேவையில்லை.

1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னெல், வீமன் என்ற இயற்பியலாளர்கள் ருபீடியம் என்ற உலோகத்தின் அணுக்களைக் காந்தப் பொறியில் பிடித்து, ஏறத்தாழ 170 நானோகெல்வினில், அதாவது தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய கடுங்குளிரில், இதைச் செய்துகாட்டினார்கள். ஆனால் நிஜ அணுக்கள் ஐன்ஸ்டைனின் கணக்கில் இருப்பதுபோல ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருப்பதில்லை. ருபீடியம்-87 அணுக்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் பொறியின் நடுவே அடர்த்தி குறைகிறது. நிகழ்வு தொடங்கும் வெப்பநிலையும் சில விழுக்காடு இறங்கிவிடுகிறது. குவிந்த மேகமோ, விலக்கம் இல்லாதிருந்தால் இருக்கும் அளவைவிட உப்பி நிற்கிறது. பொறியை அணைத்துவிட்டுப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: சுருட்டுபோல நீண்டிருந்த மேகம், எந்தப் பக்கம் இறுகியிருந்ததோ அந்தப் பக்கமாகத்தான் வேகமாக விரியும். இதைப் போய் 'சுருங்குதல்' என்று எப்படிச் சொல்வது?

'செறிவு' எனலாம். ஆனால் கரைசலின் செறிவோடு குழம்பும். எனக்குப் பிடித்தது இலங்கைச் சொல்தான். பொழுது சாய்ந்ததும் பறவைகள் கூட்டில் ஒடுங்குகின்றன, ஊர் ஒடுங்குகிறது. சைவ சித்தாந்தத்தில் உலகம் தன் மூலத்தில் போய் அடங்குவதும் ஒடுக்கமே. ஒடுங்குவதில் உருவம் சிறுக்க வேண்டியதில்லை, ஆட்டம் அடங்கினால் போதும். ஆகவே நிகழ்வை 'போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுக்கம்' என்போம். அதில் விளையும் பொருளுக்கு ஏற்கெனவே வழங்கும் 'செறிபொருள்' இருக்கட்டும்.

'சுருங்குதல்' பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. லித்தியம்-7 அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பவை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்துப் பொறியில் ஏறத்தாழ ஆயிரம் அணுக்கள் சேர்ந்ததுமே, அந்தச் செறிபொருள் தாங்காமல் உள்நோக்கிச் சுருங்கிக் குலைந்துபோனது.