மணம் வந்ததும் ஏன் இறக்க வேண்டும்?

சாம்பார் பொடிக்கு எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "வாசம் வந்ததும் இறக்கிடு" என்பார்கள். கடிகாரத்தை விட நம்பகமான கணக்கு அது.

ஒரு தனியாவை நகத்தால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே குழிவாக இருக்கும். ஒவ்வொரு பாதியின் குழிந்த பக்கத்திலும் இரண்டு நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. மண எண்ணெய் அவற்றில்தான் அடைபட்டிருக்கிறது. அதில் பெரும்பங்கு லினலூல் என்ற பொருள். முழுத் தனியாவில் லேசாக இருக்கும் வாசம், பிளந்ததும் மூக்கில் ஏறுவது இதனால்தான்.

வாணலியில் முதலில் போவது ஈரம். ஈரம் போன விதை மொறுமொறுப்பாகி நைசாக அரைபடும். நமத்துப்போன மிளகாய் மிக்ஸியில் தோல் தோலாகவே சுற்றிக்கொண்டிருக்கும். அப்புறம், விதையின் மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வேகமாக வினைபுரிந்து, பச்சை விதையில் இல்லாத மணங்களை உண்டாக்குகின்றன. 1912-இல் பிரெஞ்சு வேதியியலர் மெய்லார்டு விவரித்த வினை இது. வறுத்த வேர்க்கடலையும் காப்பிக்கொட்டையும் மணப்பது இதே வினையால்தான்.

ஆனால் இந்தப் புது மணம் பிறக்கும் அதே சூட்டில் பழைய எண்ணெய் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அடுப்படி முழுக்கக் கமகமவென்று இருந்தால் அந்த மணம் விதையை விட்டுப் போய்விட்டது. சாம்பாருக்கு இனி வராது. புதியது வந்து, பழையதும் மிச்சமிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் இறக்க வேண்டும். இறக்கியதும் தட்டில் கொட்டிவிடுவது முக்கியம். கனத்த இரும்புச் சட்டி, அடுப்பை அணைத்த பிறகும் வறுத்துக்கொண்டேதான் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வறுப்பது எனக்கு உடன்பாடில்லை. சின்னச் சீரகம் சட்டென்று சூடேறிவிடும். தனியா நிதானமாகத்தான் சிவக்கும். வெந்தயம் கருகினால் அதன் கசப்பு மொத்தப் பொடியையும் கெடுத்துவிடும்.

மிளகாய் நெடி தனிக் கதை. காரம் தரும் கேப்சைசினுக்கு வாசமே கிடையாது. அதன் நுண்துகள்கள் காற்றில் கலந்து தொண்டையில் பட்டதும், சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டிவிடுகின்றன. உடல் அதைச் சுடுவதாகவே எடுத்துக்கொள்கிறது, இருமல் வருகிறது. இந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அரைத்ததும் எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் உடைந்து, ஒவ்வொரு துகளும் காற்றுக்குத் திறந்துவிடுகிறது. முழு விதையில் மாதக்கணக்கில் நிற்கும் மணம், பொடியில் வேகமாகக் குறைவது அதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதே நல்லது. மில்லிலிருந்து வரும் பொடியோ கையில் சுடும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் நீர் கோத்து, பொடி கட்டிதட்டி, பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளில் கொட்டாமல், அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடி ஜாடியில் இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.