எந்த வண்டிக்கு இந்தத் தள்ளுபடி?

2025 டிசம்பர் இரண்டாவது வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஓர் ஆசிரியர் கூப்பிட்டார். இணையத்தில் விளம்பரம் பார்த்திருக்கிறார்: புதுக் கார், 1,35,000 ரூபாய் தள்ளுபடி, இந்த வாரம் மட்டும். 25,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். டெலிவரிக்கு முன்னால் வண்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அதுதான் என் தொழில். பத்து வருடம் ஷோரூமில் கார் விற்றேன். இப்போது வாங்குகிறவர்கள் பக்கம் நின்று பிடிஐ, அதாவது டெலிவரிக்கு முந்தைய சோதனை, செய்துகொடுக்கிறேன்.

“சேசிஸ் நம்பர் அனுப்புங்க சார்” என்றேன்.

“வண்டியே இன்னும் கண்ணுல பார்க்கலீங்களே. விலையை மட்டும்தான் அனுப்பினாங்க.”

இணையத்தில் கார் புக் செய்கிற பாதிப்பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். மாடல், கலர், விலை எல்லாம் திரையில் இருக்கும். அந்த விலை எந்த வண்டிக்கு என்பது மட்டும் இருக்காது. பெரிய தள்ளுபடி பெரும்பாலும் மாடலுக்குக் கிடைப்பதில்லை. டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கிற யார்டில் ஒரு மூலையில் நிற்கிற ஒரு குறிப்பிட்ட வண்டிக்குத்தான் கிடைக்கிறது.

டீலர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அவர் கம்பெனியிடம் வண்டியை எடுப்பது பெரும்பாலும் வங்கிக் கடனில். விற்காமல் நிற்கிற ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். ஆறு மாதம் நின்ற வண்டி அவர் லாபத்தைத் தின்றுவிட்டிருக்கும். அதைக் குறைத்து விற்பதில் ஒரு தப்பும் இல்லை. வயதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

வயதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சேசிஸ் நம்பர் 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. அதில் பத்தாவது இடம் பெரும்பாலும் தயாரிப்பு ஆண்டு. ஆங்கில எழுத்து ‘பி’ என்றால் 2023, ‘ஆர்’ என்றால் 2024, ‘எஸ்’ என்றால் 2025. மாதக் குறி எங்கே வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்காக மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். டீலர் தருகிற விற்பனைச் சான்றிதழில், அதாவது படிவம் 21-இல், தயாரிப்பு மாதமும் ஆண்டும் எழுதியாக வேண்டும். அதன் நகலைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். தரத் தயங்கினால் அதுவே பாதி பதில். பின்னால் ஆர்.சி.யிலும் அந்த மாதம் ஏறும். ஐந்து வருடம் கழித்து நீங்கள் விற்கப் போகும்போது பழைய கார் வியாபாரி முதலில் பார்ப்பது அதைத்தான். நீங்கள் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை.

ஆசிரியருக்கு ஒதுக்கிய வண்டியின் நம்பர் இரண்டு நாள் கழித்து வந்தது. பத்தாவது எழுத்து ‘ஆர்’. சரி, போய்ப் பார்ப்போம் என்று யார்டுக்குப் போனோம்.

ஊருக்கு வெளியே திறந்தவெளி, மேலே கிழிந்த பச்சை வலை. வண்டி மேல் விரல் கனத்துக்குப் புழுதி. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் 2924, அதாவது டயர் 2024-ஆம் ஆண்டின் 29-ஆவது வாரம், ஜூலையில், தயாரானது. வண்டி அந்த ஆண்டு செப்டம்பரில் தயாராகியிருந்தது. அப்படியென்றால் பதினைந்து மாத வெயிலும் இரண்டு மழைக்காலமும் பார்த்த ‘புது’ வண்டி. பேட்டரி செத்துப்போய், வேறு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துத்தான் ஸ்டார்ட் செய்தார்கள். ஜன்னல் ரப்பர் வெளுத்திருந்தது. பானெட்டைத் திறந்தால் ஒரு மூலையில் எலிப் புழுக்கை. எனக்கு வயிற்றைக் கலக்குவது அதுதான். எலி கடித்த ஒயரிங் அன்றைக்கே காட்டிக்கொடுக்காது, மூன்று மாதம் கழித்து நெடுஞ்சாலையில் காட்டிக்கொடுக்கும். அன்று ஒவ்வொரு ஒயராகப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆனது. நல்லவேளை, கடி இல்லை. பிரேக் டிஸ்க்கில் துரு இருந்தது. ஆசிரியர் முகம் மாறியது அதைப் பார்த்துத்தான், ஆனால் மேலோட்டமான துரு நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும். டயர் ஒரே இடத்தில் அழுந்தி நின்றிருந்தால் அறுபது, எண்பது வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். அதனால் ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள்.

அப்புறம் அந்த 1,35,000 ரூபாய்க்கு வருவோம். கணக்குச் சீட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். அதில் 70,000 ரூபாய் தள்ளுபடியே இல்லை, வரிக் குறைப்பு. நான்கு மீட்டருக்கு மேல் போகாத, 1200 சிசிக்குள் அடங்குகிற பெட்ரோல் காருக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதற்கு மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். 8,20,000 ரூபாய்க்கு இருந்த வண்டி அதனாலேயே ஏழரை லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பக்கத்து ஷோரூமிலும் அதே விலைதான். இவர்கள் பழைய விலையை எழுதி, மேலே கோடு போட்டு, வித்தியாசத்தைத் தங்கள் தாராளம்போலக் காட்டியிருந்தார்கள். இன்னொரு 30,000 பழைய காரைக் கொடுத்தால் மட்டும் கிடைக்கிற எக்ஸ்சேஞ்ச் போனஸ். ஆசிரியரிடம் இருப்பது ஒரு ஸ்கூட்டர். 10,000 கார்ப்பரேட் தள்ளுபடி, அது பள்ளி அடையாள அட்டைக்குக் கிடைத்தது. மிச்சம் 25,000. ஆக மொத்தம், பதினைந்து மாதம் பழைய வண்டிக்கு அவர் கைக்கு வரப்போவது 35,000 ரூபாய். விளம்பரத்தில் தொகைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘வரை’ என்று ஒரு வார்த்தை இருந்தது.

குறைத்ததை வேறு இடத்தில் ஏற்றுவதும் உண்டு. கேட்காத ஆக்சஸரீஸ், கையாளும் கட்டணம், டீலர் சொல்லும் இன்ஷூரன்ஸ் என்று ஆன்ரோடு விலை வீங்கும். இன்ஷூரன்ஸை நீங்கள் வெளியில் எடுக்கலாம், டீலர் தடுக்க முடியாது. புதுக் காருக்கு மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ், கட்டாயம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற உத்தரவால் வந்தது அது. (அந்தச் சாலைப் பாதுகாப்பு வழக்கைத் தொடுத்தவர் எங்கள் கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன்.) உங்கள் வண்டியின் சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும். சாலை வரி மட்டும் பேரத்துக்கு அப்பாற்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18. பாண்டிச்சேரி ரிஜிஸ்ட்ரேஷன் போட்டுத் தருகிறேன் என்று ஆசை காட்டினால், வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் மறுபதிவு செய்யவேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

‘50 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது, இரண்டு லட்சம் குறைவு’ என்கிற ரகம் வேறு. மாத டார்கெட்டுக்காக டீலரே தன் பெயரிலோ ஊழியர் பெயரிலோ பதிவு செய்துவிட்ட வண்டியாக இருக்கலாம். நீங்கள் இரண்டாவது ஓனர். வாரன்டி முதல் ஓனரோடு தொடங்கிவிட்டது, வங்கியும் பழைய காருக்கான வட்டிதான் கேட்கும். வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. பழைய கார் விலைக்கு வாங்குங்கள்.

போலித் தளங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருக்கும் டீலர் பட்டியலில் பெயர் இருக்கிறதா பாருங்கள். அங்கே உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். தனிநபர் யுபிஐக்குப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

பிரச்சினை வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். கோவாவில் ஒருவர் 2011-இல் புது டாடா கார் வாங்கினார். கைக்கு வந்தது 2009-இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடிய வண்டி. நுகர்வோர் மன்றங்கள் கம்பெனியும் டீலரும் சேர்ந்தே பொறுப்பு என்றன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. டீலர் கம்பெனியிடம் வாங்கி விற்கும் தனி வியாபாரி, அவர் செய்ததற்குக் கம்பெனிக்குத் தெரிந்தே பங்கு உண்டு என்று குறிப்பாகச் சொல்லி நிரூபிக்கவில்லை என்பது காரணம். டீலர் தப்பவில்லை. எனவே புகார் எழுதும்போது கம்பெனி என்ன செய்தது, டீலர் என்ன செய்தார் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். விளம்பரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அன்றன்றே படமெடுத்து வையுங்கள், இந்த வாரம் மட்டும் வருகிற விளம்பரம் அடுத்த வாரம் காணாமல் போய்விடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடத்துக்குள். ஏழெட்டு லட்சம் கொடுத்து வாங்கிய வண்டிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் 200 ரூபாய்தான்.

ஆசிரியர் வழக்குக்கெல்லாம் போகவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு முன்பணத்தைத் திருப்பி வாங்குங்கள் என்றுதான் நான் சொன்னேன். பன்னிரண்டு மாதம் தாண்டிய வண்டியை என் பணத்தில் நான் எடுக்க மாட்டேன். அவர் கணக்கு வேறாக இருந்தது. “நான் விக்கப் போறதில்லீங்க, பன்னெண்டு வருஷம் ஓட்டுவேன்” என்றார். தயாரிப்பு மாதத்தைச் சொல்லியே பேரம் பேசி மேலும் 30,000 குறைத்தார். அது இன்வாய்ஸிலேயே அச்சாகி வரவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார், வந்தது. புது பேட்டரியும் வாங்கிக்கொண்டு கிறிஸ்துமஸ் லீவில் டெலிவரி எடுத்தார். பேட்டரிக்கு வாரன்டி கார்டு மட்டும் தரவில்லையாம். அதை வாங்க இன்னும் ஷோரூமுக்கு நடந்துகொண்டிருக்கிறார்.