ஜெராய் மலையுச்சி மதியத்தில் எங்கே போகிறது?

பிப்ரவரி கடைசியில் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்துப் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) இலை உதிர்த்துத் துளிர்விடத் தொடங்கியிருக்கும். தரையெல்லாம் சருகு, பாலும் குறைவு. மழை இல்லாத இந்தக் காலம்தான் ஜெராய் மலை ஏறுவதற்கு நல்லது என்று பலரும் கிளம்புவார்கள். சரிதான். ஆனால் மார்ச் பாதியைத் தாண்டினால் கவனம் வேண்டும். காலையில் தோட்டத்திலிருந்து பளிச்சென்று தெரிந்த 1,217 மீட்டர் உச்சி, மதியம் ஒரு மணிக்குக் காணாமல் போயிருக்கும்.

காரணம், பக்கத்தில் இருக்கும் கடல். வடகிழக்குப் பருவக்காற்று ஓயும் நேரத்தில் வலுவான காற்று எதுவும் வீசாது. உள்ளூர்க் காற்றின் கை ஓங்கும். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிடச் சூடாகிறது. அந்தச் சூட்டில் காற்று மேலே எழும்ப, மலாக்கா நீரிணையிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. எதிரே ஜெராய் தனி மலையாக நிற்கிறது. அதில் மோதும் காற்றில் ஒரு பகுதி சரிவைப் பிடித்து மேலே ஏறுகிறது.

ஏறும் காற்று விரியும், விரிந்தால் குளிரும். 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி குறையும். தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) கிளாஸுக்கு வெளியே வியர்ப்பதுபோல, ஓரளவுக்கு மேல் குளிர்ந்ததும் காற்றிலுள்ள நீராவி துளியாகிவிடும். அந்த வெப்ப அளவுக்குப் பனிநிலை என்று பெயர். தரை வெப்பத்திலிருந்து பனிநிலையைக் கழித்து 125 ஆல் பெருக்கினால், மேகத்தின் அடி எத்தனை மீட்டரில் இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். வறண்ட நாளில் வெப்பம் 34, பனிநிலை 20 என்றால் 1,750 மீட்டர். உச்சிக்கு மேலேதான் மேகம். ஈரமான நாளில் 32, 25 என்றால் 875 மீட்டர். உச்சி மேகத்துக்குள் போய்விட்டது!

இதோடு நிற்பதில்லை. நீராவி துளியாகும்போது வெளிவரும் வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளும். பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் வளர்ந்த மேகத்தில் பனித்துகள்கள் உரசி மின்னூட்டம் சேரும். அப்புறம் இடி, மின்னல், மழை. விடியலில் ஏறி, நண்பகலுக்கு முன் இறங்கிவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

எனக்கு மின்னலைவிடப் பெரிய பயம், 'கெபாலா ஆயர்', அதாவது ஓடையில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம். மேலே கொட்டும் மழை செங்குத்தான சரிவில் நிற்காமல் ஓடைக்கு வந்துவிடும். கீழே குளிப்பவர் தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கலாம். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராயிலிருந்து மரமும் பாறையும் சேறுமாக இறங்கிய வெள்ளம் யான் பகுதியில் உயிர்களைக் குடித்தது. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ, பையை எடுக்கக்கூடத் திரும்பாதீர்கள். ஓடையோரமாகக் கீழே ஓடாமல், பக்கவாட்டில் கரைமேல் ஏறுங்கள்.