ஸ்டுடியோ அபார்ட்மென்ட்: ஓரறை வீடு

வேலூரில் காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் போனால் பெயர்ப்பலகைகளில் வங்காளமும் இந்தியும் கண்ணில் படும். 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று கொல்கத்தாவிலிருந்தும் குவாஹாட்டியிலிருந்தும் குடும்பத்தோடு வந்து, வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். 'கிச்சன் ரூம்' என்று சொல்லிவந்த அந்த அறைகளுக்கு இப்போது 'ஸ்டுடியோ அபார்ட்மென்ட்' என்ற பெயர் ஏறுகிறது.

லத்தீனில் 'ஸ்டூடியம்' என்றால் ஆர்வம், படிப்பு. இத்தாலியில் அது 'ஸ்டூடியோ' ஆகிப் படிப்பறையையும் ஓவியர் வேலை செய்யும் அறையையும் குறித்தது. வேலை செய்த அறையிலேயே கலைஞர்கள் படுக்கவும் சமைக்கவும் செய்ததால், எல்லாம் ஒரே அறைக்குள் அடங்கிய குடியிருப்புக்கு அப்பெயர் வந்தது. 'அபார்ட்மென்ட்' என்பது தனியாகப் பிரித்து ஒதுக்கிய பகுதி.

தமிழில் எப்படிச் சொல்வது? 'கலைக்கூடம்' என்றால் பொருளே மாறிவிடும். ஒண்டுக்குடித்தனத்தில் கிணறும் கழிப்பறையும் பொது. இங்கே குழாயும் கழிப்பறையும் தனி. 'சிற்றில்' அழகான சொல். புறநானூற்றில் சிறிய வீடு என்ற பொருளிலேயே வருகிறது. ஆனால் பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குச் சிறுமியர் கட்டும் மணல்வீடுதான் நினைவுக்கு வரும். 'விடுதி' என்றால் அடுப்பு இருக்காது.

'ஓரறை வீடு' என்பதே பொருத்தம். சில நாள் தங்குமிடத்தை வீடு என்று சொல்லலாமா என்று தயங்க வேண்டியதில்லை. சுடு சூடானதுபோல விடு வீடானது. விடுதிக்கும் அதே வேர்தான். படை தங்கும் பாசறைக்குப் படைவீடு, பாடிவீடு என்று பெயர். ஆரணிக்கு அருகில் சம்புவராயர் தலைநகராக இருந்த படைவீட்டின் பெயரிலும் அந்த வீடுதான் இருக்கிறது. தங்கிப் போவது அச்சொல்லுக்குப் புதிதல்ல.

விடுதி அறையை வீடாக்குவது அடுப்படி. 10-க்கு 18 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவரை ஒட்டி 5-க்கு 6½ அடியில் குளியலறை. பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் ஜன்னலுக்குக் கீழே 4½ அடிச் சமையல் மேடை. அடுப்பு, சிங்க், காய் நறுக்கும் இடம் மூன்றுக்கும் ஒன்றரை ஒன்றரை அடி. உயரம் 33 அங்குலம் போதும். நடுச்சுவர் இரண்டுக்கும் பொதுவானதால் குழாய்கள் ஒரே இடத்தில் முடிந்துவிடும். மேடையை வாசல் பக்கம் தள்ளினால் கடுகெண்ணெயில் மீன் பொரிக்கும் புகை கட்டிலைக் கடந்துதான் வெளியேற வேண்டும். மெத்தையில் ஏறிய வாடை அடுத்த குடும்பம் வந்தும் போகாது. எக்ஸாஸ்ட் ஃபேன் அடுப்புக்கு மேலேயே இருக்கட்டும்; எதிர்ப்பக்கம் காற்று நுழைய வழி இல்லாவிட்டால் அது சும்மா சுற்றும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் வைத்தால் தரைமட்டத்திலும் ஒரு காற்றுத்துளை கட்டாயம்.

இண்டக்‌ஷன் அடுப்பானால் மின்தடம் பார்க்க வேண்டும். அடுப்பு 2000 வாட், கீசர் 2000 வாட். இரண்டும் ஒரே தடத்தில் ஓடினால் 17 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. 16 ஆம்பியர் என்றால் அதன் அளவைத் தாண்டிவிடும். ஆளுக்கொரு தடம் இழுப்பதே சரி.

வேலூருக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது, தங்குகிறவர் நோயாளி என்பது. வாசல் திறப்பு 90 சென்டிமீட்டர் இருந்தால் சக்கர நாற்காலி தாராளமாக நுழையும். கட்டில் உயரம் 18 அங்குலத்துக்குக் குறைந்தால் அறுவைச் சிகிச்சை முடிந்தவர் எழுந்திருக்கத் திணறுவார். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே மயங்கி விழுந்தவர் உள்பக்கம் திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார். வெளியே நிற்பவர் தள்ளத் தள்ள அவர்மேல்தான் இடிக்கும்.