மழைக்கு ஒதுங்கிய படகில் யாருக்கு என்ன அவசரம்?

கோடை விடுமுறையிலும் ஆயுத பூஜை விடுமுறையிலும்தான் நம்மூர்க் கூட்டம் ஆலப்புழைக்குக் கிளம்பும். ஜூன், ஜூலை மழை எல்லோருக்கும் தெரியும், யோசித்துத்தான் வருவார்கள். கோடை மழையும் ஐப்பசி இடிமழையும் அப்படியல்ல. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடியும் காற்றுமாகக் கொட்டும். குழுக்களைப் படகுவீட்டுக்கு அழைத்துப்போவது என் தொழில் என்பதால் சொல்கிறேன்: அந்த மழையைவிட, அது விடும்வரை காத்திருக்கும் நேரத்தில் நம் ஆட்கள் செய்கிற காரியங்கள்தான் எனக்குப் பயம்.

நெல் ஏற்றிய பழைய கெட்டுவள்ளத்தின் மேல் மூங்கிலும் பாயும் வைத்துக் கட்டியதுதான் படகுவீடு. இப்போது பலவற்றுக்கு மாடியும் உண்டு. உயரமான பக்கம் முழுக்கக் காற்றை வாங்கும். தென்னை நிற்கும் வாய்க்காலுக்குள் சமாளிக்கலாம், திறந்த வேம்பநாட்டுக் காயலில் கஷ்டம். அதனால் படகை ஓட்டும் ஸ்ராங்கு கைனகரி பக்கம் ஏதாவது ஒரு கரையில் படகைக் கட்டிவிடுவார். பின்னால் வரும் படகுகளும் அங்கேயே ஒதுங்கும். பத்து நிமிடம் போனதும் ஆரம்பிப்பார்கள்: “சேட்டா, மழை விட்டுடுச்சே, எடுங்க.” அவர் அசையாவிட்டால் முதலாளிக்கு போன். ஸ்ராங்கும் சம்பளக்காரர்தானே, எத்தனை பேரிடம் மறுப்பார்?

2015 ஜூன் 1 இரவு, சீனாவின் யாங்சி ஆற்றில் ‘ஈஸ்டர்ன் ஸ்டார்’ என்ற நான்கடுக்குச் சுற்றுலாக் கப்பல் இடிமழைக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. மேகத்திலிருந்து திடீரென இறங்கிய பலத்த காற்றில் சட்டென்று கவிழ்ந்துவிட்டது. 454 பேரில் பிழைத்தவர்கள் 12 பேர். அதுவும் ஆறுதான், கடலல்ல. கரை பக்கத்தில் இருக்கிறதே என்ற தைரியம் அந்த மாதிரிக் காற்றுக்கு முன் செல்லாது.

சரி, கட்டியாயிற்று. இப்போதும் கவனம் வேண்டும். அடுத்த படகில் கோயம்புத்தூர்க்காரர்கள் இருப்பார்கள், பேச்சு ஆரம்பிக்கும், சீட்டுக்கட்டு வரும், தட்டில் பொரித்த கரிமீன் கைமாறும். நல்ல விஷயம்தான். ஆனால் ஈரப் பலகையில் கால் வைத்துப் படகுவிட்டுப் படகு தாவாதீர்கள். இரண்டும் அலையில் விலகி, மறுபடி வந்து மோதும். இடையில் கால் மாட்டினால் எலும்பு நொறுங்கும். பக்கத்துப் படகை வேடிக்கை பார்க்க எல்லோரும் மாடியில் ஒரே பக்கம் சேர்வதும் வேண்டாம். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, புயலோ பெருங்காற்றோ இல்லை.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஜெனரேட்டர். சாரல் அடிக்கிறது என்று பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிடுவோம். ஒட்டி நிற்கும் படகின் புகைக்குழாய் சரியாக நம் அறை ஜன்னலுக்கு நேரே இருக்கும். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். “படகு ஒத்துக்கலை”, “நேத்து அடிச்சது இறங்கலை” என்று படுக்க வைத்துவிடுவார்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால், முதலில் வெளிக்காற்றுக்குக் கூட்டி வாருங்கள், ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போது கிளம்பலாம்? மழை நின்றதை வைத்து முடிவு செய்யக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியட்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 வினாடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் மாடியில் செல்ஃபி எடுப்பவரைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்துவிடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. மின்னல் எச்சரிக்கைக்கு ‘தாமினி’ செயலி இருக்கிறது. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டிருந்தால், 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். அன்று படகு ஏறுவதையே தள்ளிப்போடலாம்.

மழையில் போன நேரத்தை இருட்டிய பிறகு ஓட்டி ஈடுகட்டச் சொல்லாதீர்கள். மாலையில் மீனவர்கள் வலை போடுவார்கள், படகுவீடுகள் அதற்குள் கட்டிவிட வேண்டும். மறுநாள் காலை கிளம்பும்போது ஒரு வாய்க்கால் கூடுதலாகச் சுற்றிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.